மஞ்சள் சீட்டின் மூன்றாவது விதி

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கதையை நான் முழுசாக நம்பியதில்லை, தம்பி. இத்தனைக்கும் எழுதியவன் நான்தான். பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் பதினேழாம் பக்கம். மேலே என் போட்டோ, கீழே 'சிதம்பரநாதன், செயலாளர், பெற்றோர் ஆசிரியர் கழகம்' என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்? நடுவில் 'ஒன்பதாம் நாள் மனசாட்சி விழித்தது' என்று ஒரு வரி வரும். மேடையில் வாசித்தபோது அந்த வரிக்குக் கை தட்டினார்கள். எனக்கு அந்த வரியின் மேல்தான் சந்தேகம்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். காபி போட்டுக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. என் வீட்டம்மா ஓசூரில் மகளோடு இருக்கிறாள். போய் இரண்டு மாதம் ஆகிறது.

நீங்கள் கேட்ட நோட்டு பீரோவில் இருக்கிறது. விதிகள், சீட்டின் மாதிரி, எந்தக் குழந்தைக்கு எத்தனை நாள், எல்லாம் அதில் இருக்கிறது. தருகிறேன். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் புதுச் செயலாளர் என்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்த முறையை மறுபடியும் கொண்டுவரப் போகிறேன் என்கிறீர்கள், உங்கள் பிள்ளையும் எல்.கே.ஜி. என்கிறீர்கள். அதனால் கேட்டுவிட்டுப் போங்கள். அவசரமில்லையே?

அப்போது நான் மில்லில் டைம் ஆபீசில் இருந்தேன். மூன்று ஷிப்ட் ஆட்களும் என் ஜன்னலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யார் எத்தனை நிமிஷம் தாமதம், யாருக்கு மெமோ, எல்லாம் என் கையெழுத்து. ஒருவரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. தேவையே வராது. சீட்டை நீட்டினால் போதும், மனுஷன் அடங்கிவிடுவான்.

அந்த வருஷம் ஜூலையில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருத்தர் ஸ்கேலால் அடித்து ஒரு குழந்தைக்குக் கை வீங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் ஒரே ரகளை. பாதிப் பேர், 'அடிச்சா என்ன? நாங்கெல்லாம் அடி வாங்காமலா வளர்ந்தோம்' என்றார்கள். மீதிப் பேர் போலீசுக்குப் போக வேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன். 'பள்ளிக்கூடத்துலயும் அடிக்க வேண்டாம், வீட்டுலயும் அடிக்க வேண்டாம். டீச்சரும் பெத்தவங்களும் ஒண்ணா சேர்ந்து பேச்சை நிறுத்துவோம். எந்தப் பிள்ளையும் திருந்திரும்' என்றேன். அந்தக் கூட்டத்திலேயே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

நான்கே விதிகள். குழந்தை தப்புச் செய்தால் டீச்சர் மஞ்சள் தாளில் எழுதி, மடித்து, பின் அடித்து, அதன் பையிலேயே வைத்து அனுப்ப வேண்டும். அது முதல் விதி. சீட்டு வந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் யாரும் அந்தக் குழந்தையோடு பேசக் கூடாது, பள்ளிக்கூடத்திலும் பேசக் கூடாது. சோறு போடலாம், குளிப்பாட்டலாம், தலை சீவலாம். பேச்சு மட்டும் கிடையாது. அது தானாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்வரை. அது இரண்டாவது. என்ன தப்பு என்று நாம் சொல்லக் கூடாது, அதுவாகவே யோசித்துச் சொல்ல வேண்டும். அது மூன்றாவது. டீச்சர் சொன்னதைப் பெற்றோரோ, பெற்றோர் சொன்னதை டீச்சரோ மறுத்துப் பேசக் கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே வாய். அது நான்காவது.

மூன்றாவது விதி முழுக்க என்னுடையது. மெமோவில் காரணத்தை எழுதிக் கொடுத்தால் தொழிலாளி அந்த ஒரு காரணத்துக்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு வருவான். 'நேரில் வரவும்' என்று மட்டும் எழுதினால், இதுவரை செய்தது அத்தனையையும் யோசித்து வேர்த்துப்போய் வருவான். நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் எதிர்த்துப் பேசியது ஜெசிந்தா டீச்சர் மட்டும்தான். யு.கே.ஜி. வகுப்பு அவர்களுடையது. 'சின்னப் பிள்ளைங்க சார். காலைல செஞ்சது மத்தியானம் ஞாபகம் இருக்காதே' என்றார்கள். 'ஞாபகம் வர்ற வரைக்கும் காத்திருப்போம் டீச்சர். நமக்கு என்ன பஸ்ஸா போயிரப்போகுது?' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பலன் இருந்தது தம்பி, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே மாதத்தில் வகுப்புகள் அடங்கிவிட்டன. பெரும்பாலான குழந்தைகள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கம்பவுண்டர் மகன் முரளி என்று ஒருத்தன். பெரிய வாலு. இரண்டு சீட்டு வாங்கிய பிறகு அவன் காலையில் சாப்பிட உட்காரும்போதே, 'அம்மா, இன்னைக்குச் செய்யப்போறதுக்கெல்லாம் மன்னிச்சிரும்மா' என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பானாம். கம்பவுண்டர் அதைக் கூட்டத்தில் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அதை நோட்டில் வெற்றி என்று குறித்துவைத்தேன். இப்போதும் இருக்கும், பாருங்கள்.

ஒரு குழந்தைமேல் ஒரு அடி விழவில்லை. ஒரு அடி.

நவம்பரில் என் மகள் பையில் சீட்டு வந்தது.

அவள் பெயர் கோதை. ஒரே பிள்ளை. அஞ்சு வயசு, ஜெசிந்தா டீச்சர் வகுப்பு. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து பையைத் திறக்கிறேன், மேலாக மஞ்சள் தாள். 'தண்ணீர்த் தொட்டியருகே ஷர்மிளாவைத் தள்ளிவிட்டாள். முன்பல் விழுந்து ரத்தம்.' கீழே டீச்சர் கையெழுத்து. ஷர்மிளா பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப்காரர் மகள். இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள், வருவார்கள்.

நான் என்ன செய்வது, சொல்லுங்கள். செயலாளர் மகள். என் வீட்டில் நான் விதியைத் தளர்த்தினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மெய்யாகவே பார்த்தார்கள். மறுநாள் மில் வாசலிலேயே இரண்டு பேர், 'என்ன சார், வீட்டுலயே சீட்டாமே?' என்றார்கள். 'வீடு என்ன, கோட்டை என்ன? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்' என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. இல்லை என்று உங்களிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

முதல் நாள் அவளுக்கு அது விளையாட்டு. என் வாயருகே விரலைக் கொண்டுவந்து சாவி போட்டுத் திருப்பினாள். 'அப்பா வாய்ல பூட்டு. தொறந்தாச்சு, இப்பப் பேசு' என்றாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். இரண்டாம் நாள், 'பென்சிலைக் கடிச்சேம்பா, இனிமே கடிக்க மாட்டேன்' என்றாள். அது இல்லையே. மூன்றாம் நாள், சாமிக்கு வைத்த கல்கண்டை எடுத்துத் தின்றேன் என்றாள். அதுவும் இல்லை. நாலாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது. இருட்டில் அவள் குரல் கேட்டது. 'நாந்தாம்பா. கரண்டு நாந்தான்.'

வடிவு அடுப்படியில் பாத்திரத்தைத் தரையில் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வடிவு என் மனைவி. வெளியே வந்து, 'என்னங்க, ஒரு கொலையே பண்ணினாலும் கோர்ட்டுல என்ன கேசுன்னு சொல்லிருவாங்கங்க' என்றாள்.

'கோர்ட்டுக்குப் போற மாதிரி வளர்ந்துரக் கூடாதுன்னுதான் இது' என்றேன்.

'அஞ்சு வயசுங்க.'

'அஞ்சு வயசுல வளைக்காம அம்பதுலயா வளைக்கிறது?'

அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். விதியை மீறவும் இல்லை, அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள் மட்டும், தலை சீவிவிடும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பிள்ளை அந்தப் பாட்டுக்குத் தலையை ஆட்டியது. பாட்டும் பேச்சு மாதிரிதானே? வேண்டாம் என்று சைகை காட்டினேன். நிறுத்திவிட்டாள்.

கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சுப் பொதி அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். யாருக்கும் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் ஜன்னலில் உட்காருவேன். அவளுக்காகத்தானே இவ்வளவும் என்று சொல்லிக்கொள்வேன். அதை நம்பினேனா? நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு இப்போதெல்லாம் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

ஆறாம் நாள், ஏழாம் நாள் எல்லாம் தப்பைத் தேடுவதையும் விட்டுவிட்டாள். என் செருப்பைக் கொண்டுவந்து வைப்பாள், 'நாந்தான்' என்பாள். தண்ணீர் கொண்டுவருவாள், 'நாந்தான்' என்பாள். அவ்வளவுதான் பேச்சு. பள்ளிக்கூடத்திலும் அப்படியே இருந்திருக்கிறாள். டீச்சரும் பேசவில்லை, டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகளும் பேசவில்லை. எட்டாம் நாள் அதுவும் நின்றுவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் வாயைத் திறக்கவே இல்லை. அதுவரைக்கும் எந்தக் குழந்தையும் மூன்று நாளைத் தாண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் காலை. நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. 'அப்பா, நான் ஷர்மிளாவை ஊஞ்சல்லேர்ந்து தள்ளிவிட்டேன். பல்லு விழுந்துருச்சு. இனிமே செய்ய மாட்டேன். மன்னிச்சுக்கோங்க' என்றாள். ஒரே மூச்சில். ப்ரேயரில் ஒப்பிக்கிற மாதிரி.

நான் சோப்பு நுரையோடு அவளைத் தூக்கிக்கொண்டேன். 'என் தங்கம், என் தங்கம்' என்று என்னென்னவோ சொன்னேன். எட்டு நாள் பேச்சையும் ஒரே நிமிஷத்தில் பேசிவிட்டேன் போலிருக்கிறது. எப்போதும் தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. அன்றைக்குக் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. நுரை படுமே என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அரை நாள் லீவு போட்டு நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். ப்ரேயரில் எல்லார் முன்பும் இன்னொரு தடவை சொல்லவைத்தேன். ஷர்மிளாவிடம் மன்னிப்புக் கேட்கவைத்தேன். ஷர்மிளா ஓவென்று அழுதது. ஜெசிந்தா டீச்சர் தலை நிமிரவே இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். மலரிலும் அப்படித்தான் எழுதினேன். 'வகுப்பாசிரியையின் விழிகளில் ஆனந்தக் கண்ணீர்.'

மில்லுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. காலை ஊன்றி நிற்கிறேன். அப்போதுதான் உறைத்தது. ஊஞ்சல்.

நம் பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் கிடையாது தம்பி. இப்போது போட்டிருக்கிறீர்களாமே, அப்போது கிடையாது. சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு மூலையும் சுற்றிப் பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியாதா? தென்காசியில் அவள் மாமா வீட்டில் ஒரு ஊஞ்சல் இருந்தது. அவளுக்குத் தெரிந்த ஊஞ்சல் அது ஒன்றுதான்.

சின்னப் பிள்ளை, இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆளைச் சரியாகச் சொன்னாளே, பல்லைச் சரியாகச் சொன்னாளே. நான் சொல்லவில்லை, அவள் அம்மா சொல்லவில்லை, டீச்சரும் சொல்லியிருக்கக் கூடாது. செய்யாதவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் செய்தவளுக்கு எட்டு நாள் ஏன் தெரியவில்லை? பென்சிலும் கல்கண்டும் கரண்டும் ஞாபகம் வந்தன, இது ஏன் வரவில்லை? ரயில் போனது, கேட்டைத் திறந்தார்கள், நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் ஊஞ்சல் ஞாபகம் வரும். ஒருவரிடமும் சொன்னதில்லை. வடிவிடம்கூட.

கோதை எப்படி வளர்ந்தாள் என்று கேட்கிறீர்களா? யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவளைப் போல அடக்கமான பெண் தெருவிலேயே இல்லை என்று. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த அறையில் ஒரு டம்ளர் விழுந்தால், படித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்தே 'நாந்தாம்பா' என்பாள். பூனை தள்ளியிருக்கும். உறவுக்காரர்கள், 'சிதம்பரம், பிள்ளை வளர்த்தா உன்னை மாதிரி வளர்க்கணும்பா' என்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்னிடம் அவள் பேசுவதே நாலு வார்த்தை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. மரியாதை என்று வைத்துக்கொண்டேன். வேறு எப்படி வைத்துக்கொள்வது?

மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. பேத்தி ஆதிரைக்கு மூன்று வயசு முடிந்திருக்கிறது. இரண்டு மாதம் முன்பு நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று கோதை அவளோடு வந்தாள். இரண்டாம் நாள் காலை, நான் மேஜைமேல் கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைப் பேத்தி எடுத்து வளைத்து, காம்பை உடைத்துவிட்டாள். உடைத்துவிட்டு என்னிடமே கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கி வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, முறைக்கவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

பேத்தி, 'தாத்தா... தாத்தா...' என்று முழங்காலைத் தட்டினாள். கோதை அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். 'அப்பா, அவகிட்ட ஏதாவது பேசுங்கப்பா' என்றாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். 'திட்டவாவது செய்யுங்கப்பா. ஏதாவது ஒரு வார்த்தை' என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. நான் வேண்டுமென்றே செய்யவில்லை தம்பி. சும்மா இருந்தேன். ஒரு ஐந்து நிமிஷம் இருந்துவிட்டுப் பேசியிருப்பேன். அந்த ஐந்து நிமிஷம் எதற்கு என்று நீங்கள் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பையைக் கட்டிவிட்டாள். அவள் அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு கூடவே நின்றாள். நான் வாசல் வரைக்கும் போய், 'என்னம்மா இது? ஒரு கண்ணாடிக்குப் போயி' என்றேன்.

கோதை பேத்தியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். 'எனக்குச் செஞ்சீங்க, அது எனக்கு. இவளுக்கு வேண்டாம்பா.'

'கோதை, நான் என்ன உன்னை அடிச்சேனா? ஒரு அடி அடிச்சிருப்பேனா?'

'அடிக்கலை. தெரிஞ்சேதான செஞ்சீங்க' என்றாள். ஆட்டோ வந்துவிட்டது.

தெரிஞ்சே என்றால் என்ன அர்த்தம்? ஊஞ்சலா? ஊஞ்சல் பற்றி நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லையே. என் மனசுக்குள் இருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? போன் போட்டுக் கேட்கலாம். போட்டேன். வடிவு எடுப்பாள், 'அவ வேலையா இருக்காங்க' என்பாள். அவளிடம் கேட்க எனக்கும் நா எழவில்லை. சரி, அந்தச் சீட்டை எழுதியது ஜெசிந்தா டீச்சர். நான் மலரில் எழுதியதெல்லாம் அவர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு வரியை வைத்துத்தான். அவர்களையே கேட்டுவிடலாம் என்று விசாரித்தேன். ஓய்வு பெற்று சாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார்கள் என்றார்கள். போன சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

எழுபதை நெருங்கிவிட்டார்கள். கண் ஆபரேஷன் ஆகி கறுப்புக் கண்ணாடி போட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைச் சொன்னேன்.

'யாரு, சிதம்பரநாதன் சாரா? சீட்டு சார்தானே?' என்றார்கள். எனக்குப் பின்னால் அப்படி ஒரு பெயர் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். 'உட்காருங்க சார். உங்க முன்னாடி இப்பவாவது பேசலாம்ல?' என்று சிரித்தார்கள். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

'டீச்சர், அந்தச் சீட்டு. கோதை தள்ளுனதை நீங்க கண்ணால பாத்தீங்களா?'

சிரிப்பு நின்றுவிட்டது. 'பாக்கலை சார். ஷர்மிளா வாயைக் கழுவிவிடுறப்ப யாருடி தள்ளுனான்னு கேட்டேன். கோதைன்னுச்சு. எழுதிட்டேன்.'

'கோதையைக் கேட்டீங்களா?'

'மூணாவது விதி சார். நாமளா சொல்லக் கூடாது, கேக்கக் கூடாது. நீங்கதானே போட்டீங்க?'

டீயை எடுத்தேன், வைத்தேன். 'அப்ப அவ செஞ்சாளா இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும்.'

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். கண் நீராக இருந்தது. ஆபரேஷன் கண், அப்படித்தான் இருக்கும். 'என்ன சார் இது, புதுசாக் கேக்குறீங்க? அந்தப் பல்லு ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த பல்லு. ஷர்மிளாவே குழாய்ல போயி இடிச்சுக்கிட்டா. வீட்டுல அம்மா திட்டுவாங்களேன்னு பக்கத்துல நின்னவ பேரைச் சொல்லிட்டா. கோதைகூட யாரும் பேசாம இருக்கறதைப் பாத்துப் பாத்து அவளுக்குச் சோறு இறங்கலை. எட்டாம் நாள் மத்தியானம் அவ அம்மாவே கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சொன்னாங்க.'

'எட்டாம் நாளேவா? எங்கிட்ட ஏன் டீச்சர் சொல்லலை?'

டீச்சர் என்னையே பார்த்தார்கள்.

'சொன்னேனே சார். அன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தேனே. நீங்க அப்பத்தான் மில்லுலேர்ந்து வந்திருந்தீங்க. சட்டையக்கூடக் கழட்டலை. உள்ள வாங்கன்னுகூடச் சொல்லலை, வாசல்ல வச்சேதான் பேசினோம்.'

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, எனக்கு அது ஞாபகமில்லை. அந்த எட்டு நாளில் அவள் எந்த நாள் எதை ஒப்புக்கொண்டாள் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. வடிவு முணுமுணுத்த பாட்டு ஞாபகம் இருக்கிறது. டீச்சர் வந்தது மட்டும் இல்லை. மனுஷனுக்கு அப்படி மறக்குமா? மறந்தேனா, இல்லை எங்கேயாவது மடித்துப் பின் அடித்து வைத்துவிட்டேனா? டீச்சருக்கு வயசாகிவிட்டது, யாரோ வேறு தகப்பன் வீட்டுக்குப் போனதை என் வீடு என்று சொல்கிறார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

'நான் என்ன சொன்னேன்?' என்றேன்.

'வேண்டாம் சார், விடுங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எதுக்கு?'

'சொல்லுங்க டீச்சர்.'

'ஷர்மிளாவை இவ தள்ளவே இல்லை சார், பல்லு தானா விழுந்ததுதான், இன்னைக்கே பேசிருங்கன்னேன். நீங்க கதவுல ஒரு கையை வச்சுக்கிட்டு, யாரு தள்ளுனா என்ன டீச்சர், இப்ப அதுவா பிரச்சினைன்னீங்க. எட்டு நாள் ஆயிருச்சு, ஊரே பாக்குது, இப்ப நாம இறங்கிப்போனா நாளைக்கு ஒரு பிள்ளையும் சீட்டை மதிக்காது, அவ ஒத்துக்கட்டும், அப்புறம் சமாதானம் சொல்லிக்கலாம்னீங்க. நாலாவது விதி, ஒரே வாய், மறந்துராதீங்கன்னீங்க. நானும் சரி சார்னுட்டு வந்துட்டேன். உங்களை மட்டும் சொல்ல மாட்டேன். மறுநாள் ப்ரேயர்ல அது வந்து நின்னு ஊஞ்சல்னு சொல்லுது. என் பள்ளிக்கூடத்துல ஏது சார் ஊஞ்சல்? அப்பவும் நான் வாயைத் தொறக்கலை. அடுத்த வருஷமே வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன்.'

டீயில் ஆடை படிந்துவிட்டது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் எழுந்து கிளம்பியிருக்கலாம். கேட்க வந்ததைக் கேட்டாகிவிட்டது, பதிலும் கிடைத்துவிட்டது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. ஆனால் எட்டாம் நாள் சாயங்காலம் என்கிறார்கள். ஒன்பதாம் நாள் காலையில் அவளுக்கு ஆளும் தெரிந்திருக்கிறது, பல்லும் தெரிந்திருக்கிறது, தொட்டி மட்டும் தெரியவில்லை. டீச்சர் வாசலில் என்னென்ன சொன்னார்கள் என்று மறுபடியும் ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தேன். ஷர்மிளா என்று சொல்லியிருக்கிறார்கள். தள்ளியது, பல்லு என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் நான்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோதுதான் டீச்சருக்குக் கேட்டது.

'டீச்சர், நான் அப்படிச் சொன்னப்ப, என் பிள்ளை எங்க நின்னுக்கிட்டிருந்தா?'